பெங்களூரு ஏரியில் சாக்கடை கலந்தால் யாருக்கு, எப்படி எழுதுவது?

பெங்களூருவில் ஏரிக்குப் பக்கத்தில் குடியிருக்கும் தமிழர்களுக்காக இதை எழுதுகிறேன். தண்ணீர் கறுத்துப்போகிறது, மீன் செத்து மிதக்கிறது, ராத்திரியில் லாரி வந்து கட்டட இடிபாட்டைக் கரையோரம் கொட்டிவிட்டுப் போகிறது. நாம் போட்டோ எடுத்து அப்பார்ட்மென்ட் வாட்ஸ்அப் குரூப்பில் போடுகிறோம், நாலு பேர் வருத்தப்படுகிறார்கள், அதோடு சரி. அதே போட்டோ சரியான அலுவலகத்துக்கு, சரியான விவரங்களோடு, ஒரு தேதி முத்திரையோடு போய்ச் சேர்ந்தால் அதிகாரி இடத்துக்கு வந்தே ஆகவேண்டும். எப்படி என்பதைத்தான் இங்கே சொல்லப்போகிறேன்.

அதற்கு முன்னால் ஒரு விஷயம். "நமக்கென்ன, வாடகைக்கு இருக்கிறோம்" என்று சிலர் சொல்வதைக் கேட்டிருக்கிறேன். இந்த ஊர் ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில், ஒரு மேட்டின் மேல் உட்கார்ந்திருக்கிறது. மேற்கே வடியும் தண்ணீர் விருஷபாவதியில் இறங்கி, அர்க்காவதியில் கலந்து, சங்கமா என்ற இடத்தில் காவிரியில் சேர்கிறது. அங்கிருந்து ஒகேனக்கல், மேட்டூர். கோரமங்களா, அல்சூர் பக்கத்துத் தண்ணீர் பெள்ளந்தூர் ஏரிக்கும் வர்த்தூர் ஏரிக்கும் போய், தட்சிண பினாகினியில் விழுகிறது. அதுதான் நம் தென்பெண்ணை. ஓசூர் கெலவரப்பள்ளி அணையில் வெள்ளை வெள்ளையாக நுரை பொங்குவதை டிவியில் பார்த்திருப்பீர்கள். அந்த நுரையில் பெரும்பங்கு நம் பாத்ரூமிலிருந்தும் வாஷிங் மெஷினிலிருந்தும் கிளம்பியது. அதே ஆறுதான் கிருஷ்ணகிரி, சாத்தனூர் வழியாகக் கடலூர் வரை போகிறது. இங்கே ஒரு குழாயை அடைக்க வைத்தால் கீழே நம் சொந்தக்காரர்களின் வயலுக்குப் போகும் அழுக்கு அவ்வளவு குறையும். எனக்கு இது போதுமான காரணம்.

சரி, முதலில் எது யாருடைய வேலை என்று பார்ப்போம், ஏனென்றால் பாதிப் புகார்கள் தவறான மேசைக்குப் போய்த்தான் செத்துப்போகின்றன.

வீட்டுக் கழிவுநீர்க் குழாய், மேன்ஹோல், அரசின் சுத்திகரிப்பு நிலையம் எல்லாம் குடிநீர் வாரியத்தின் பொறுப்பு. கன்னடத்தில் ஜலமண்டளி, போன் 1916. மழைநீர் ஓடுவதற்கென்று இருக்கும் பெரிய கால்வாய், அதாவது ராஜகாலுவே, மாநகராட்சியின் மழைநீர் வடிகால் பிரிவுடையது. ஏரிகளில் பெரும்பாலானவை மாநகராட்சியின் ஏரிப் பிரிவிடம் இருக்கின்றன, சில மட்டும் வேறு துறைகளிடம். 2025 செப்டம்பரில் மாநகராட்சி ஐந்தாகப் பிரிந்துவிட்டது. அதனால் உங்கள் ஏரி மத்திய, வடக்கு, தெற்கு, கிழக்கு, மேற்கு என்ற ஐந்தில் எதில் வருகிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள், பழைய முகவரிக்கு எழுதினால் கடிதம் சுற்றிக்கொண்டே இருக்கும். ஏரி நிலத்தை ஆக்கிரமித்திருந்தால் அளந்து சொல்லவேண்டியவர் தாசில்தார். மாநிலத்தின் ஏரிகள் எல்லாவற்றுக்கும் மேலே 2014ஆம் ஆண்டுச் சட்டப்படி வந்த கர்நாடக ஏரிப் பாதுகாப்பு மற்றும் வளர்ச்சி ஆணையம் இருக்கிறது.

இவ்வளவு பேர் இருந்தாலும், தண்ணீர் கெடுகிறது என்றால் முதல் கடிதம் கர்நாடக மாநில மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்குத்தான் போகவேண்டும். மற்றவர்களுக்குக் கீழே நகல் போடுங்கள். எல்லோர் பெயரும் ஒரே தாளில் இருந்தால்தான் "இது எங்கள் வேலை இல்லை" என்று ஒருவரை ஒருவர் காட்டுவது நிற்கும்.

இந்த மாசு வாரியத்தை (இனி வாரியம் என்றால் இதுதான்) முதலில் சொல்வதற்குக் காரணம் அதன் கையில் இருக்கும் சட்டம். 1974ஆம் ஆண்டின் தண்ணீர் மாசுத் தடுப்புச் சட்டத்தின் 24ஆவது பிரிவு, ஓடையிலோ கிணற்றிலோ நிலத்திலோ மாசு விடுவதைத் தடுக்கிறது. 25ஆவது பிரிவுப்படி கழிவுநீர் வெளியேற்றும் தொழிற்சாலை, ஆஸ்பத்திரி, பெரிய அடுக்குமாடி எல்லாம் வாரியத்தின் அனுமதி வாங்கியிருக்கவேண்டும். அந்த அனுமதிக் கடிதத்தில் எத்தனை லிட்டர், எவ்வளவு சுத்தமாக, எங்கே விடலாம் என்று நிபந்தனை இருக்கும். 33-ஏ பிரிவு இன்னும் வலுவானது. அதை வைத்து வாரியம் ஒரு இடத்தை மூடச் சொல்லலாம், மின்சாரத்தையும் தண்ணீரையும் நிறுத்தச் சொல்லலாம். கரன்ட் போய்விடும் என்ற நோட்டீஸ் வந்தால் எந்த பில்டரும் மறுநாளே ஓடிவருவார். கழிவுநீரை விடுவது அரசுத் துறையே என்றால் இந்த வேகம் இருக்காது, அதற்கு வேறு வழி இருக்கிறது, கடைசியில் சொல்கிறேன்.

உங்கள் பகுதி வாரியத்தின் எந்த மண்டல அலுவலகத்தில் வருகிறது என்று கண்டுபிடியுங்கள். மகாதேவபுரா, பொம்மனஹள்ளி, பீன்யா என்று பகுதிவாரியாக அலுவலகங்கள் உண்டு, ஒவ்வொன்றுக்கும் ஒரு சுற்றுச்சூழல் அதிகாரி பொறுப்பு. தலைமை அலுவலகம் சர்ச் ஸ்ட்ரீட்டில் இருக்கும் பரிசர பவன்.

ஆதாரம் சேர்ப்பது

இங்கேதான் அதிக நேரம் செலவழிக்கவேண்டும். "ஏரி நாறுகிறது" என்று எழுதினால் அதிகாரியால் எதுவும் செய்யமுடியாது, அவருக்கு நோட்டீஸில் எழுத ஒரு பெயரும் இடமும் வேண்டும். ஆகவே ஏரியைப் பார்ப்பதை விட்டுவிட்டு, ஏரிக்குள் தண்ணீர் நுழையும் வாயைப் பாருங்கள். கரையைச் சுற்றி நடந்தால் பெரும்பாலும் இரண்டு மூன்று நுழைவாய்கள் தென்படும். எதில் கறுப்புத் தண்ணீர் வருகிறதோ அந்தக் கால்வாயைப் பிடித்துக்கொண்டு, பக்கத்துத் தெருக்கள் வழியாக மேலே மேலே போங்கள். ஒவ்வொரு பாலத்திலும் நின்று எட்டிப்பாருங்கள். ஒரு பாலத்துக்குக் கீழே தெளிவாகவும் அடுத்த பாலத்தில் கறுப்பாகவும் இருந்தால் குழாய் இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது.

ஒரு வாரம் மழையே இல்லாத நாட்களில் போங்கள். ராஜகாலுவே மழைநீருக்கானது, மழை இல்லாதபோது அதில் ஓடுவது ஏறக்குறைய எல்லாமே கழிவுநீர்தான், அதனால் உங்கள் போட்டோவை யாரும் மறுக்கமுடியாது. மழைக்காலத்தில் எடுத்தால் "எல்லாம் மழைத்தண்ணீர்" என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். நேரமும் முக்கியம். சில அடுக்குமாடிகளில் சுத்திகரிப்பு இயந்திரத்தின் காற்றூதியை மின்சாரம் மிச்சம் பிடிக்க நிறுத்திவைப்பார்கள், தொட்டி நிரம்பியதும் நடு ராத்திரியில் அப்படியே கால்வாயில் திறந்துவிடுவார்கள். எங்கள் பக்கத்து ஏரியில் இதுதான் நடந்தது. முதல் புகாருக்கு அதிகாரி மதியம் வந்து பார்த்தார், கால்வாய் காய்ந்து கிடந்தது, புகார் முடிந்ததாகக் குறித்துவிட்டார்கள். அடுத்த கடிதத்தில் தண்ணீர் வரும் நேரத்தை எழுதி, விடிவதற்கு முன் வரச்சொல்லிக் கேட்டோம். வந்தார்கள், கையும் களவுமாகப் பிடித்தார்கள்.

போட்டோவில் தேதி, நேரம், இருப்பிடம் மூன்றும் பதியும்படி ஜிபிஎஸ் கேமரா ஆப் ஒன்றைப் போட்டுக்கொள்ளுங்கள். வெறும் குழாயை மட்டும் எடுக்காமல், பின்னால் இருக்கும் கட்டடமோ கடைப் பலகையோ சேர்ந்து தெரிகிற மாதிரி இன்னொன்றும் எடுங்கள். பத்து விநாடி வீடியோ இன்னும் நல்லது, தண்ணீர் ஓடுவது அதில்தான் தெரியும். கால்வாய்க்குள் இறங்கவேண்டாம், உள்ளே விஷவாயு இருக்கும். அடுத்தவர் காம்பவுண்டுக்குள்ளும் நுழையாதீர்கள். இடிபாடு கொட்டும் லாரிக்காரரோடு வாய்ச்சண்டையும் வேண்டாம், வண்டி நம்பர் கிடைத்தால் போதும்.

இடத்தின் சர்வே நம்பரைக் கட்டாயம் எழுதுங்கள். கர்நாடக நில அளவைத் துறையின் திஷாங்க் ஆப்பை போனில் இறக்கிக்கொண்டு, நிற்கும் இடத்தைத் தொட்டால் சர்வே நம்பர், கிராமம், ஹோபளி (தாலுகாவின் உட்பிரிவு) எல்லாம் வந்துவிடும். இது ஏன் அவசியம் என்றால் ஒரே பெயரில் பல ஏரிகள் உண்டு. புட்டேனஹள்ளி ஏரி ஜே.பி. நகரிலும் இருக்கிறது, யலஹங்காவிலும் இருக்கிறது. ஏரி எல்லைக்குள்ளேயோ அதன் பாதுகாப்புப் பகுதியிலேயோ கட்டடம் வருகிறதா என்று பார்க்கவும் இதே ஆப் ஓரளவு உதவும். 2015 மாஸ்டர் பிளான்படி ஏரிக்கு 30 மீட்டர், ராஜகாலுவேக்கு அதன் வகையைப் பொறுத்து 50, 25, 15 மீட்டர் கட்டடம் இல்லாமல் விடவேண்டும். சுற்றுச்சூழல் வழக்குகளை விசாரிக்கும் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2016இல் ஏரிக்கு 75 மீட்டர் என்று உயர்த்தியதை 2019 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. 30 மீட்டரையும் ஏரியின் பரப்புக்கு ஏற்றபடி குறைக்க 2025இல் சட்டமன்றத்தில் திருத்தம் கொண்டுவந்தார்கள், அதனால் ஆக்கிரமிப்புப் புகார் எழுதுகிறவர்கள் அன்றைக்கு எந்த அளவு அமலில் இருக்கிறது என்று பார்த்துவிட்டு எழுதுங்கள்.

பாட்டிலில் தண்ணீர் பிடித்துக்கொண்டு போய்க் கொடுக்கலாமா என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். தனியார் லேபில் கொடுத்துப் பார்க்கலாம், கவனத்தை இழுக்க உதவும், ஆனால் கோர்ட்டில் அது நிற்காது. சட்டத்தின் 21ஆவது பிரிவுப்படி வாரிய அதிகாரி, அந்த இடத்துக்காரருக்குத் தெரிவித்து, மாதிரியை இரண்டாகப் பிரித்து, சீல் வைத்து எடுக்கவேண்டும். ஆகவே நீங்கள் கேட்கவேண்டியது "இந்த இடத்தில், இந்த நேரத்தில், சட்டப்படி மாதிரி எடுங்கள்" என்பதுதான். ஏரியில் மீன் செத்தால் விடியற்காலை மாதிரி எடுக்கச்சொல்லி எழுதுங்கள். பகலில் பாசி வெயிலில் ஆக்சிஜன் விடும், ராத்திரி முழுக்க அதுவே ஆக்சிஜனை இழுத்துக்கொள்ளும், கழிவும் சேர்ந்தால் விடியும்போது தண்ணீரில் மூச்சுக்காற்றே இருக்காது. மதியம் அளந்தால் எல்லாம் நன்றாக இருக்கிற மாதிரி எண் வந்துவிடும்.

உங்கள் ஏரியின் எண்களை வாரியமே மாதாமாதம் எடுத்து இணையத்தில் போடுகிறது. ஏ முதல் இ வரை தரம் பிரித்திருப்பார்கள். ஏ என்றால் கிருமிநீக்கம் மட்டும் செய்து குடிக்கலாம், பி குளிக்க, சி முறையாகச் சுத்திகரித்தபின் குடிக்க, டி மீனுக்கும் காட்டுயிருக்கும், இ பாசனத்துக்கும் தொழிற்சாலைக்கும். பெங்களூருவின் ஏரிகள் பெரும்பாலும் டி-யிலும் இ-யிலும் கிடக்கின்றன. டி தரத்துக்கு லிட்டருக்கு 4 மில்லிகிராமாவது கரைந்த ஆக்சிஜன் இருக்கவேண்டும். போன வருடம் டி-யாக இருந்தது இந்த வருடம் இ-யாக இறங்கியிருந்தால், அந்த இரண்டு மாத அறிக்கையையும் அச்செடுத்துக் கடிதத்தோடு வையுங்கள். அவர்களுடைய எண்ணை அவர்களே மறுக்கமுடியாது.

ஒன்று மட்டும் முன்கூட்டியே செய்துவிடுங்கள். நீங்கள் இருக்கும் அடுக்குமாடியின் வாரிய அனுமதி இன்னும் காலாவதியாகவில்லையா, சுத்திகரிப்பு நிலையம் உண்மையிலேயே ஓடுகிறதா, சுத்திகரித்த தண்ணீர் எங்கே போகிறது என்று சங்கத்தைக் கேளுங்கள். கால்வாயில் மேலே இருக்கும் ஒருவரைக் காட்டிப் புகார் கொடுத்தால் அதிகாரி அந்தக் கால்வாயில் இருக்கும் எல்லோரையும் பார்ப்பார்.

கடிதம்

ஒரு பக்கத்துக்கு மேல் போகவேண்டாம். கன்னடத்தில் எழுதினால் வேலை சீக்கிரம் நடக்கிறது, இது என் அனுபவம். எழுதத் தெரியாவிட்டால் பக்கத்து வீட்டுக்காரரைக் கேளுங்கள், ஏரி என்றால் யாரும் மறுக்கமாட்டார்கள், அப்படியே கையெழுத்தும் போடுவார்கள். கன்னடரும் தமிழரும் தெலுங்கரும் சேர்ந்து கையெழுத்திட்ட கடிதத்துக்குத் தனி மதிப்பு உண்டு. ஆங்கிலத்திலும் கொடுக்கலாம், வாங்கிக்கொள்வார்கள். உள்ளடக்கம் ஏறக்குறைய இப்படி இருக்கட்டும்:

"ஐயா, இன்ன கிராமம், இன்ன ஹோபளி, சர்வே நம்பர் இன்னதில் இருக்கும் ஏரியின் வடக்கு நுழைவாயில், இன்ன கட்டடத்தின் பின்புறக் குழாயிலிருந்து கழிவுநீர் கலக்கிறது. கடந்த இரண்டு வாரங்களாக இரவு 11 மணிக்கு மேல் வருகிறது. படங்களும் இருப்பிடமும் இணைத்துள்ளோம். அந்த நேரத்தில் இடத்தைப் பார்வையிட்டு, 21ஆவது பிரிவின்படி மாதிரி எடுக்கவும், அந்தக் கட்டடத்துக்கு 25ஆவது பிரிவின்படி அனுமதி உள்ளதா என்று சரிபார்க்கவும், மீறல் இருந்தால் 33-ஏ பிரிவின்படி உத்தரவிடவும் கேட்டுக்கொள்கிறோம். ஆய்வறிக்கையின் நகலை எங்களுக்கு அனுப்பவும்."

கோபத்தையும் அரசியலையும் இதில் சேர்க்காதீர்கள். பிரிவு எண்களும் நேரமும் இடமும் இருந்தால் போதும். இரண்டு பிரதி எடுத்து நேரில் போங்கள், தபால் பிரிவில் ஒன்றைக் கொடுத்து மற்றதில் முத்திரை வாங்குங்கள். "ஸ்வீக்ருதி கொடி" (பெற்றுக்கொண்டதற்கு ஒப்புகை கொடுங்கள்) என்று கேட்டால் இன்வர்டு நம்பரும் தேதியும் போட்டுத் தருவார்கள். அந்த முத்திரை இல்லாமல் திரும்பி வராதீர்கள், பின்னால் எங்கே போனாலும் முதலில் அதைத்தான் கேட்பார்கள். ஈமெயிலும் அனுப்புங்கள், ஆனால் ஈமெயில் மட்டும் போதாது. மாநில அரசின் 1902 குறைதீர்ப்பு எண்ணிலும் பதிந்துவைக்கலாம்.

பதில் வராவிட்டால்

இரண்டு வாரம் பார்த்துவிட்டு நேரில் போய்க் கேளுங்கள். அப்போதும் நகராவிட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. கர்நாடகத்தில் கட்டணம் 10 ரூபாய், ஆன்லைனிலும் போடலாம். பல மாநிலங்களில் இல்லாத ஒரு கட்டுப்பாடு இங்கே கவனிக்கவேண்டியது: ஒரு மனுவில் ஒரே பொருள்தான், அதுவும் 150 சொற்களுக்குள். நீளமாக எழுதினால் அதைச் சொல்லியே திருப்பிவிடுவார்கள். "ஏன் நடவடிக்கை எடுக்கவில்லை" என்று கேட்காதீர்கள், காரணம் சொல்ல அவர்கள் கடமைப்பட்டவர்கள் இல்லை. ஆவணத்தைக் கேளுங்கள். என் புகாரின் மீது எழுதப்பட்ட குறிப்புகளின் நகல், ஆய்வறிக்கையின் நகல், மாதிரி முடிவு, அந்தக் கட்டடத்துக்குக் கொடுத்த அனுமதிக் கடிதம், அனுப்பிய நோட்டீஸ்கள். 30 நாளில் தரவேண்டும், தராவிட்டால் அதே துறையில் முதல் மேல்முறையீடு, அப்புறம் மாநிலத் தகவல் ஆணையம். பல நேரம் இந்த மனு போய்ச் சேர்ந்த பிறகுதான் ஆய்வுக்கே கிளம்புகிறார்கள்.

புகார் முடிந்தது என்று எஸ்எம்எஸ் வந்து, சாக்கடை அப்படியே ஓடிக்கொண்டிருந்தால், அன்றைக்கே புதிய போட்டோ எடுத்து, பழைய புகார் எண்ணைக் குறிப்பிட்டு மறுபடி எழுதுங்கள். புதிய புகாராகப் போட்டால் பழைய காலதாமதம் கணக்கில் வராமல் போய்விடும்.

இனி, கழிவு விடுவது அரசுத் துறையே என்ற நிலை. பெங்களூருவில் இது சாதாரணம். காவிரிக் குடிநீர்த் திட்டத்தின் ஐந்தாம் கட்டத்தில் 2024 அக்டோபரில் நாளொன்றுக்கு 77.5 கோடி லிட்டர் தண்ணீரை நகரோடு சேர்ந்த 110 கிராமங்களுக்குத் திறந்துவிட்டார்கள். வீட்டுக்கு வரும் தண்ணீரில் சுமார் 80 சதவீதம் கழிவுநீராகத் திரும்பும் என்பது பொறியாளர்கள் போடும் கணக்கு, அதை வாங்கிக்கொள்ளக் குழாய் இல்லாத தெருக்களில் அது பக்கத்து ராஜகாலுவேக்குத்தான் போகும். இந்த மாதிரி விஷயத்தில் வாரியம் இன்னொரு துறைக்கு நோட்டீஸ் அனுப்பும், அவர்கள் டெண்டர் விடுவதாகப் பதில் எழுதுவார்கள், வருடம் போய்விடும். அப்போது தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். கர்நாடகம் அதன் தென்மண்டல அமர்வில் வருகிறது, அது இருப்பது சென்னையில், நமக்கு அது அந்நியமான ஊர் இல்லை. 2018 ஜனவரியில் பெள்ளந்தூர் ஏரி தீப்பற்றி எரிந்து ராணுவ வீரர்கள் வந்து அணைத்த பிறகு, அந்த ஆண்டு டிசம்பரில் தீர்ப்பாயம் கர்நாடக அரசுக்கு 50 கோடி, மாநகராட்சிக்கு 25 கோடி அபராதம் போட்டது, ஏரியைச் சீர்செய்ய 500 கோடியைத் தனிக் கணக்கில் வைக்கச் சொன்னது, நீதிபதி சந்தோஷ் ஹெக்டே தலைமையில் கண்காணிப்புக் குழுவையும் அமைத்தது. கெடுத்தவரே செலவை ஏற்கவேண்டும் என்ற கொள்கை நம் நாட்டுச் சட்டத்தின் பகுதி என்று உச்ச நீதிமன்றம் சொன்னது 1996இல், வேலூர் பக்கம் தோல் தொழிற்சாலைகள் பாலாற்றைக் கெடுத்த வழக்கில். அந்தத் தீர்ப்பைப் பிடித்துக்கொண்டுதான் இன்றைக்கும் எல்லோரும் வாதாடுகிறார்கள்.

தீர்ப்பாயத்தில் வக்கீல் இல்லாமலும் நீங்களே வாதாடலாம். இழப்பீடு கேட்காத மனுவுக்குக் கட்டணம் 1000 ரூபாய். பிரச்சினை முதலில் எழுந்த நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் மனு போடவேண்டும், நியாயமான காரணம் காட்டினால் இன்னும் 60 நாள் தருவார்கள். இதனால்தான் தேதி முத்திரை அவ்வளவு முக்கியம் என்றேன். வாரியத்தில் இரண்டு மூன்று வருடம் காத்திருந்துவிட்டுப் போனால் காலம் கடந்துவிட்டது என்ற வாதம் முதலில் வரும். ஆகவே பிரச்சினை எழுந்த நாளிலிருந்து ஐந்தாவது மாதத்துக்குள் ஒரு முடிவெடுங்கள். கையில் இருக்கவேண்டியது முத்திரை போட்ட கடிதங்கள், தேதி வரிசையில் போட்டோக்கள், தகவல் சட்டத்தில் வாங்கிய ஆவணங்கள், வாரியத்தின் மாத அறிக்கைகள், திஷாங்கில் எடுத்த வரைபடம். இவ்வளவும் ஒரு கோப்பில் இருந்தால் மனு எழுத ஒரு வார இறுதி போதும்.